கட்டியிடம் கேட்ட கேள்வி

நூம்பல்
9 ஜூன் 2025

பாப்பாவுக்கு,

தேதியை ஷவுகத் பாய் மேலே போட்டுவிட்டார். எனக்குத் தேதி தெரியாது, வருஷம் தெரியும். இது பூந்தமல்லியில் தூணுக்கு மேலே ஆள் ஏற்றாமல் வெறும் ரயிலை ஓட்டிப் பார்த்த வருஷம். கரையான்சாவடி ஜனம் மொத்தமும் சாலையில் நின்று அண்ணாந்து பார்த்தது. அந்த வாரம்தான் உனக்குக் குளிக்கும்போது இடது பக்கம் கட்டி தட்டுப்பட்டது என்று மாப்பிள்ளை வந்து என் காதில் கத்தினார்.

என் காது கதை உனக்குத் தெரியும். அம்பத்தூர் எஸ்டேட் தொழிற்சாலையில் பவர் பிரஸ் சத்தம் அடித்த காது. போனை வைத்தால் கொசு ரீங்காரம் மாதிரி ஏதோ வரும், அவ்வளவுதான். நீயும் போனை எடுப்பதில்லை. படிப்பு வாசனை இல்லாதவனுக்குக் கடிதம்தான் வழி என்று ஆகிவிட்டது பார். பாயை உனக்குத் தெரியும், பூந்தமல்லி ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். என் பேச்சை அப்படியே எழுதினால் படிக்கிறவர்களுக்குப் பல் உடையும் என்று திருத்தித் திருத்தி எழுதுகிறார். முதலில் ‘மேற்படி மனுதாரராகிய நான்’ என்று ஆரம்பித்தார். “யோவ் பாய், என் பொண்ணு இன்னா தாசில்தாரா?” என்றேன். அந்த வரியை அடித்துவிட்டார்.

நேற்று உன் பிளாட் வாசலுக்கு வந்தேன். வாட்ச்மேன் நோட்டில் கையெழுத்துப் போடச் சொன்னான். ரேகை வைக்கிறேன் என்றேன், சிரித்தான். மேலே போன் போட்டுக் கேட்டுவிட்டு, வீட்டில் யாரும் இல்லை என்று கையை ஆட்டினான். மூன்றாவது மாடிக் கொடியில் உன் நைட்டி சொட்டச் சொட்டக் காய்ந்துகொண்டிருந்தது. வீட்டில் இல்லாதவள் துணி துவைப்பாளா?

கத்திரி வெயில் நடுவில் உனக்கு ஆபரேஷன் நடந்தது. பெற்றவனுக்குச் சொல்லவில்லை. முடிந்த பிறகு மாப்பிள்ளை வந்து, கட்டியை மட்டும் எடுத்தார்கள், மார்பை எடுக்கவில்லை, அக்குளில் பரவவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். நான் என்ன குற்றம் செய்தேன்? ஆஸ்பத்திரியில் கேட்டார்கள், சொன்னேன். பொய்யா சொன்னேன்?

அன்றைக்கு நான் சொன்னதைக் கேட்டு உன் ரத்தம் எடுத்து ஏதோ பரிட்சைக்கு அனுப்பினார்களே, அது வந்ததா? வேறு ஒன்றும் எழுத வேண்டாம். அதை மட்டும் எழுது.

இப்படிக்கு,
இடது கைப் பெருவிரல் ரேகை,
துலுக்கானம்


அம்பத்தூர்
14 ஜூன் 2025

நைனாவுக்கு,

வந்தது. ரத்தப் பரிட்சையில் ஒன்றும் இல்லை. வம்சத்தில் வருகிற கோளாறு எதுவும் பிடிபடவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். நீ கேட்டதற்குப் பதில் இதோடு முடிந்தது. ஆனால் என்ன குற்றம் செய்தேன் என்று கேட்டிருக்கிறாய். அதற்கும் சொல்லிவிடுகிறேன்.

டாக்டர் என்னிடம் கேட்டார், குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று. இல்லை என்றேன். எழுதிக்கொண்டார். அதோடு போயிருக்கும். உன் மாப்பிள்ளைக்கு வாய் சும்மா இருக்குமா? உன் காதில் குனிந்து, “மாமா, உங்க ஊட்ல யாருக்காவது மார்ல கட்டி வந்துதான்னு கேக்குறாங்க” என்று கத்தினார். நீ எழுந்து நின்றாய், நைனா. கோர்ட்டில் சாட்சி சொல்கிறவன் மாதிரி. உன் அம்மா, உன் அத்தை, உன் அக்கா. எந்த வருஷம், எந்தப் பக்கம், எப்படிப் புண்ணாச்சு, யார் துணி கட்டி விட்டார்கள், கடைசியில் என்ன நாற்றம் அடித்தது. உனக்குக் காது கேட்காது, அதனால் ஊருக்கே கேட்கிற மாதிரிதான் பேசுவாய். அறைக் கதவு திறந்து கிடந்தது. வெளியே பெஞ்சில் பத்மா உட்கார்ந்திருந்தாள்.

பத்மா யார் என்று உனக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. உன் பேத்தி ரோஷினிக்குப் பார்த்த ஆவடி மாப்பிள்ளையின் அத்தை. யாரோ சொந்தக்காரருக்குத் துணைக்கு வந்தவள். உள்ளே எட்டிப் பார்த்தாள், என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். அந்த வாரமே போன் வந்தது, ஜாதகத்தில் ஏதோ இடிக்கிறதாம். பூ வைக்க நாள் குறித்த ஜாதகம் அது.

ரோஷினி, “விடும்மா, இப்பவே தெரிஞ்சுதே” என்று சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்துக் குளியலறையில் குழாய் திறந்தபடியே ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் வீணாகிறதே என்று கதவைத் தட்டப் போனவள் தட்டாமல் திரும்பி வந்தேன்.

இப்போது ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டது. ஆவடிக்குப் போய் அந்தக் காகிதத்தைக் காட்டட்டுமா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மாப்பிள்ளையைப் பிடித்துக் கேட்பாய். எடுத்த கட்டியில் ஒரு துண்டை வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதில் இருக்கிற ஜீன்களைப் பார்த்து ஒரு எண் போட்டுத் தருவார்களாம். எண் சின்னதாக இருந்தால் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்துவிட்டு மாத்திரை சாப்பிட்டால் போதும். பெரிதாக இருந்தால் அதற்கு முன்னால் கீமோ ஏற்ற வேண்டும். அது வரும்வரை எனக்கு ஒன்றும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.

நீ வராதே. வந்தால் நான் அழுவேன், நான் அழுதால் இந்த வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள்.

அகல்யா


நூம்பல்
20 ஜூன் 2025

பாப்பாவுக்கு,

உன் கடிதத்தை ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலிலேயே பிரித்துவிட்டோம். அது தப்பு. பாய் மெதுவாகப் படித்தால் எனக்கு விளங்காது. எனக்கு விளங்கும்படி படித்தால் பத்திரம் பதிய வந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கிறார்கள். இரண்டாவது வரியிலேயே பாய் நிறுத்திவிட்டார். “அண்ணாத்தே, இது பொம்பளப் புள்ள சமாச்சாரம், இங்க வாணாம்” என்று என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனார். அவர் வீட்டுக்காரம்மா ஷம்ஷாத் ஜன்னலையெல்லாம் சாத்தி மின்விசிறியைப் போட்டாள். பாய் கத்திக் கத்திப் படித்தார். முடிந்ததும் ஷம்ஷாத் எனக்கு டீ கொடுத்தாள், அவருக்கு வெந்நீர் கொடுத்தாள். இனிமேல் உன் கடிதம் அந்த வீட்டில்தான் பிரிக்கப்படும். நீ பயப்படாதே.

கதவு திறந்து கிடந்ததை நான் பார்க்கவில்லை. பத்மாவையும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் நான் உரக்கப் பேசினேன் என்று எனக்கு எப்படித் தெரியும்? என் குரல் எனக்கே வேறு யாரோ தூரத்தில் பேசுவது மாதிரித்தான் கேட்கிறது. இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்கிறாய். அப்படியானால் அந்த மிஷின் சரியில்லை. என் அம்மா கன்னியம்மாள், சைனாக்காரன் சண்டை வந்த வருஷம். மேலுக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு நாற்று நட்டாள், அப்புறம் படுத்தாள். என் அத்தை அஞ்சலை, எஸ்டேட்டில் முதல் முதல் ஷெட்டு எழுப்பின வருஷம். என் அக்கா பூங்காவனம், எண்பத்தைந்து வெள்ளத்தில் கூவம் கரை தாண்டி வந்தபோது கட்டிலோடு தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் வைத்தோமே, அங்கேதான். நீ அப்போது சின்னப் பிள்ளை, உன்னை வெளியே நிறுத்தி வைத்திருந்தோம். மூன்று பேர். ஒரே பக்கம், இடது பக்கம். ஒன்றும் இல்லை என்று எழுதிவிட்டால் ஆச்சா?

இப்போது சீமைக்கு அனுப்பிய துண்டுக்கு என்ன தெரியும்? ஜீன் என்றால் வம்சத்தில் வருவது என்று பாய் சொன்னார். வம்சம் தெரிந்தவன் இந்த ஊரில் உயிரோடு இருக்கிறவன் நான் ஒருத்தன்தான். கேட்கிறவர்கள் என்னைக் கேட்காமல் துண்டைக் கேட்டால் தப்பான எண்ணைத்தான் போட்டு அனுப்புவார்கள். அதை நம்பி உனக்கு மருந்து குறைத்துவிட்டால்?

நாளை நானும் பாயும் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். உன் வீட்டுக்கு வரவில்லை. நீ சொன்ன சொல்லை மீறவில்லை.

துலுக்கானம்
ரேகை


அம்பத்தூர்
26 ஜூன் 2025

நைனாவுக்கு,

சனிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் காவ்யா போன் செய்தாள். “மேடம், உங்க ஃபாதர் லேப் கவுன்ட்டர்ல சட்டையக் கழட்டிட்டு நிக்கிறாரு. ‘என் நெஞ்ச அறுத்து ஒரு துண்டு எடுத்துச் சீமைக்கு அனுப்பு’ன்றாரு. கூட ஒரு பாய் இருக்காரு, அவரு மனு எழுதிக் குடுத்திருக்காரு” என்றாள்.

மனுவை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். ‘உயர்திரு ஜீன் பரிசோதனை அதிகாரி அவர்கள் சமூகத்துக்கு’ என்று தொடங்குகிறது. ரோஷினியிடம் காட்டினேன். இரண்டு பேரும் சிரித்தோம், நைனா. ஆபரேஷனுக்குப் பிறகு முதல்முறையாகச் சிரித்தேன். தையல் வலித்தது. அப்புறம் அழுகை வந்துவிட்டது.

இதைக் கேள். பாய் மாமா, இதை நிறுத்தி நிறுத்திப் படியுங்கள்.

இரண்டு பரிட்சையும் ஒன்று இல்லை. ரத்தத்தில் பார்த்ததுதான் வம்சம். நீ எனக்குக் கொடுத்தாயா, பாட்டி உனக்குக் கொடுத்தாளா என்பது. அது முடிந்துவிட்டது. உன் மிஷின் தப்பு என்று நீ சொல்வது ஒரு வகையில் சரிதான், தேடத் தெரிந்ததைத்தான் தேடுவோம், தெரியாதது இருக்கலாம் என்று டாக்டரே சொன்னார்.

இந்தத் துண்டு வேறு. இதை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று சொல்கிறேன். எஸ்டேட்டில் ஆயிரம் ஷெட்டு இருக்கிறது என்று வை. எல்லா ஷெட்டிலும் ஒரே மாதிரி மெஷின்கள். பிரஸ், லேத், கிரைண்டிங், எல்லாம். நம் உடம்பில் எந்த இடத்தை எடுத்தாலும் இதே மாதிரித்தான், எல்லா ஜீனும் எல்லா இடத்திலும் இருக்கும். ஆனால் எல்லா மெஷினும் ஓடாது. ஒரு ஷெட்டில் லேத் மட்டும் ஓடும், ஒன்றில் பிரஸ் மட்டும் ஓடும். கட்டி என்பது வேலை கெட்டுப்போன ஷெட்டு. அதற்குள் எந்த மெஷின் ஓடுகிறது, எது நின்று கிடக்கிறது, எது ராப்பகலாக வெறி பிடித்து ஓடுகிறது, அதைத்தான் கேட்கிறார்கள். வேகமாகப் பெருகுகிற மெஷின்கள் அதிகம் ஓடினால், எண் பெரிது. பிற்காலத்தில் வேறெங்காவது கிளம்பி வர வாய்ப்பு அதிகம். சாதுவாக ஓடினால், எண் சின்னது.

அதை யார் சொல்ல முடியும்? கட்டிதான் சொல்ல முடியும். உன் அம்மாவைக் கேட்டாலும் தெரியாது, உன்னைக் கேட்டாலும் தெரியாது, என் மார்பில் இருந்தது, எனக்கே தெரியாது.

இன்னொன்று. கோபித்துக்கொள்ளாதே. நீ எழுதுகிற ஒவ்வொருத்தியும் என் தலைமாட்டில் வந்து உட்காருகிறாள். அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் என்னை வெளியே நிறுத்தியதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன், நைனா. பூங்காவனம் அத்தை என்னைப் பார்த்தாள். செத்தவர்களை எண்ணி எண்ணி அனுப்பாதே. எனக்கு வைக்க இடம் இல்லை.

அகல்யா


நூம்பல்
2 ஜூலை 2025

பாப்பாவுக்கு,

புரிந்தது. பாய்க்குப் புரியும் முன்னே எனக்குப் புரிந்தது. அவர் நான்கு தரம் படித்தார், நான் அவருக்கு விளக்கிச் சொன்னேன். எஸ்டேட்டில் வேலை செய்த காலத்தில் தெருமுனையில் நின்றாலே எந்த ஷெட்டில் என்ன ஓடுகிறது என்று சொல்லிவிடுவேன். பிரஸ்ஸில் டை அச்சு உடையப் போகிறது என்றால் அடி விழுகிற சத்தத்திலேயே தெரியும். இப்போது உன் பக்கத்தில் வந்து நின்றாலும் எனக்கு ஒன்றும் கேட்காது.

நெஞ்சை அறுக்கச் சொன்னது பைத்தியக்காரத்தனம்தான். அந்த நர்ஸ் பெண் நல்ல பெண். சட்டையை அவளே மாட்டிவிட்டாள். பொத்தான் மாற்றிப் போட்டுவிட்டாள், வீடு வந்து சேரும்வரை பாயும் சொல்லவில்லை.

செத்தவர்களைச் சொல்லாதே என்கிறாய். சரி. அதை விட்டால் எனக்குச் சொல்ல என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். முருங்கை இந்த வருஷம் நன்றாகக் காய்த்திருக்கிறது. பக்கத்து மனையில் பிளாட்டு கட்டுகிறார்கள், லாரி வந்து வேலியைச் சாய்த்துவிட்டது. வேறு ஒன்றும் இல்லை.

எண் வந்தால் எழுது. ஒன்று பெரிதாக வரட்டும், இல்லை சின்னதாக வரட்டும். எதுவானாலும் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் மனுஷன் எதையும் தாங்குவான்.

துலுக்கானம்
ரேகை

மகள் அகல்யாவுக்கு: இந்தக் கடிதம் சிறியதாக இருப்பதற்கு நான் காரணமல்ல. உங்கள் தகப்பனார் சொல்ல ஆரம்பிப்பார், நிறுத்துவார், எழுந்து வாசலுக்குப் போவார், வருவார். ‘இன்னா எழுதினே, அத்த அடி’ என்பார். மூன்று காகிதம் இப்படிப் போயிற்று. மேற்படி விவரம் தங்கள் பார்வைக்கு. — ஷவுகத் அலி.


அம்பத்தூர்
8 ஜூலை 2025

நைனாவுக்கு,

எண் வந்துவிட்டது. இருபது.

நீ சொன்ன மாதிரி நானும் அதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தேன், பெரிதோ சின்னதோ, ஒன்று வரட்டும் என்று. பெரிதும் இல்லை, சின்னதும் இல்லை. நடுவில் வந்து நிற்கிறது.

டாக்டர் செங்கல்வராயன் நல்ல மனிதர். காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்து, பேனாவால் கோடு போட்டுக் காட்டினார். “உங்களுக்கு ஐம்பது தாண்டியிருந்தால், இந்த எண்ணுக்குக் கீமோ வேண்டாம் என்று நானே சொல்லி அனுப்பியிருப்பேன். உங்களுக்கு நாற்பத்தாறு. இன்னும் மாதவிலக்கு நிற்கவில்லை. இந்த வயதில் இந்த எண்ணுக்குக் கொஞ்சம் பலன் இருக்கலாம்” என்றார்.

“இருக்கலாம்னா?”

“உங்களைப் போல நூறு பேருக்கு ஏற்றினால் இரண்டு பேருக்கோ மூன்று பேருக்கோ உதவும்.”

“மத்தவங்களுக்கு?”

“ஏற்றாமலேயே நன்றாக இருந்திருப்பார்கள். சிலருக்கு ஏற்றியும் திரும்ப வரும்.”

“நான் அதுல யாரு டாக்டர்?”

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். “அது தெரிந்தால் உங்களைக் கேட்க மாட்டேனே அம்மா” என்றார். வருகிற செவ்வாய்க்கிழமைக்குள் சொல்ல வேண்டுமாம். இதற்கு மேல் தள்ளிப் போட்டால் ஏற்றுவதும் ஏற்றாததும் ஒன்றாகிவிடும் என்கிறார்.

உன் மாப்பிள்ளை ஏற்றிவிடலாம் என்கிறார். “நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, அன்னைக்கே ஏத்தியிருக்கலாமேன்னு தோணும்ல?” என்கிறார். அவருக்குத் தோன்றாமல் இருக்க எனக்கு ஏற்ற வேண்டும். ரோஷினி எங்கெங்கோ தேடி இருபது காகிதம் அச்சடித்துக் கொண்டுவந்து, “அம்மா, இந்த ஸ்டடி வேணாம்னு சொல்லுது, இது வேணும்னு சொல்லுது” என்று படுக்கை மேல் பரப்பி வைத்தாள். பரப்பிவிட்டு அதன் மேலேயே படுத்துக்கொண்டாள். என்னுடன் வேலை செய்கிற பெண் ஒருத்தி ஏற்றிக்கொண்டவள், விரல் நுனி மரத்துப்போய் இன்னும் அவளுக்குத் துணியில் தையல் பிசகுவது தெரிவதில்லை. நானும் துணி பார்த்துச் சொல்லும் வேலையில்தான் இருக்கிறேன்.

எல்லோரும் நல்லவர்கள். எல்லோரும் கடைசியில் ‘உன் இஷ்டம்’ என்கிறார்கள். அந்த வார்த்தையைக் கேட்டால் நான் எழுந்து சமையலறைக்குப் போய்விடுகிறேன்.

அதனால் உன்னைக் கேட்கிறேன். நீ ஒருத்தன்தான் இதுவரை ‘தெரியாது’ என்று சொன்னதே இல்லை. எந்தக் கிணறு எந்த வருஷம் வற்றியது என்று கேட்டாலும் சொல்லுவாய். எனக்குக் கல்யாணம் செய்தபோதும் நீயே சொன்னாய், பள்ளிக்கூடத்தை நிறுத்தியபோதும் நீயே சொன்னாய். அப்போதெல்லாம் உன் மேல் கோபம். இப்போது யாராவது அப்படிச் சொல்லித் தொலைக்க மாட்டார்களா என்று இருக்கிறது.

ஏற்றிக்கொள்ளட்டுமா, வேண்டாமா? ஒரு வார்த்தை சொல் நைனா. சரியோ தப்போ, நீ சொல்கிறதைச் செய்கிறேன்.

அகல்யா


நூம்பல்
12 ஜூலை 2025

பாப்பாவுக்கு,

இதைத் தபாலில் போட நேரமில்லை. பாய் கையோடு கொண்டுவந்து கொடுப்பார்.

உன் கடிதத்தை வியாழக்கிழமை படித்தார். படித்து முடித்ததும் ஷம்ஷாத் மின்விசிறியை நிறுத்தினாள். அப்புறம், எதற்கு நிறுத்தினோம் என்று நினைத்தாளோ என்னவோ, மறுபடி போட்டாள்.

நீ கேட்டதற்கு என்னிடம் பதில் இருக்கிறது என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். வாயைத் திறந்து ‘ஏத்திக்கச் சொல்லு’ என்றேன். பாய் எழுதினார். ‘வாணாம், அடி’ என்றேன். அடித்தார். ‘வேண்டாம்னு எழுது’ என்றேன். பாய் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “அண்ணாத்தே, நான் அம்பது வருஷமா மனு எழுதறேன். இத்த மட்டும் என் கையால எழுத மாட்டேன். நீயே போய் அது மூஞ்சப் பாத்துச் சொல்லு” என்றார். அவர் கண்ணில் தண்ணீர். இதை எழுத வேண்டாம் என்கிறார், நான் எழுதச் சொல்கிறேன்.

என் அம்மாவை யாரும் எதுவும் கேட்கவில்லை. அத்தையைக் கேட்கவில்லை. அக்காவைக் கேட்கிற நேரத்தில் கேட்க ஒன்றும் மிச்சம் இல்லை. உன்னைத்தான் முதல் முதலாக உட்கார வைத்துக் கேட்டிருக்கிறார்கள். கேட்டால் நல்லது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்கப்படுவதும் ஒரு பாரம் என்று உன் கடிதத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

அன்றைக்கு இரவெல்லாம் நம் ஜனத்தில் இந்தக் கட்டி வந்த ஒவ்வொருத்தியாக எண்ணிக்கொண்டு வந்தேன். நீ எண்ணாதே என்றாய். நான் வேறு மாதிரி எண்ணினேன். யாருக்கு வந்து, யார் சாகவில்லை? எண்ணினால் விடியற்காலையில் ஒருத்தி வந்து நின்றாள். இத்தனை நாள் எப்படி விட்டேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. நான் எதையும் சாவை வைத்துத்தான் ஞாபகம் வைக்கிறவன். அவள்தான் சாகவில்லையே, எந்த வருஷத்தில் கொண்டுபோய் வைப்பேன்?

பச்சையம்மாள். அத்தை அஞ்சலையின் மகள், திருமழிசையில் கொடுத்தது. சுனாமி வந்ததற்கு அடுத்த வருஷம் அவளுக்கு ஒரு பக்கம் மொத்தமாக எடுத்தார்கள். புருஷன் விட்டுவிட்டுப் போனான். ஜனமும் ஒரு விசேஷத்துக்குக் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. அத்தோடு அவள் கணக்கிலிருந்து விழுந்துவிட்டாள்.

நேற்று, ஜும்மா தொழுகைக்குள் திரும்பிவிட வேண்டும் என்று பாய் சொன்னதால், காலையிலேயே பஸ் ஏறினோம். அவளுக்கு எழுபதுக்கு மேலே ஆகிறது. வாசலில் உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“இன்னா துலுக்கானம், யாரு பூட்டாங்க?”

நான் யாருடைய வாசலுக்குப் போனாலும் இப்படித்தான் கேட்கிறார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. யாரும் சாகவில்லை என்றேன். அவள் நம்பவில்லை. பாயைப் பார்த்தாள். அவரும் தலையை ஆட்டினார். அப்புறம்தான் உட்காரச் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல பாய் என் காதில் கத்தினார்.

உன்னைப் பற்றிச் சொன்னேன். உன் எண்ணைச் சொன்னேன். “உனக்கு அன்னிக்கு இன்னா மருந்து குட்தாங்க? ஏத்துனாங்களா, ஏத்தலியா? அத்தச் சொல்லு, அதான் வந்தேன்” என்றேன். பாப்பா, அவள் உயிரோடு இருக்கிறாள், அவளுக்கு என்ன செய்தார்களோ அதையே உனக்குச் செய்துவிடலாம் என்று ஓடிப் போனேன்.

“யாரு கண்டா? கரண்ட் வெச்சாங்க. மிஷினுக்குள்ள தள்ளிட்டு எல்லாரும் வெளிய ஓடிட்டாங்க.”

“ஊசி ஏத்துனாங்களா? பாட்டில்ல?”

“ஊசி போடாத ஆஸ்பத்திரி எங்க கீது? போட்டாங்க. எத்துக்குப் போட்டாங்கன்னு நான் இன்னாத்தக் கண்டேன்.”

பாய்க்கு ஒரு யோசனை வந்தது. “தலமுடி கொட்டுச்சாம்மா? கொட்டியிருந்தா அந்த மருந்துதான்” என்று கேட்டார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அவள் சிரித்தாள். “எங்கேர்ந்து கொட்டறது? ஆப்ரேசன் ஆன கையோட திருத்தணிக்கு வேண்டிக்கினு மொட்ட போட்டுக்கினேனே. வளர வளர எட்த்துக்கினேன், ஒரு வருஷம்.”

சீட்டு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். செம்பரம்பாக்கம் ஏரி திறந்து வெள்ளம் வந்தபோது பீரோவோடு போய்விட்டதாம். எந்த டாக்டர்? கண்ணாடி போட்ட டாக்டர். வேறு ஏதாவது ஞாபகம் இருக்கிறதா? வெகு நேரம் யோசித்தாள். எதிர்க் கட்டிலில் இருந்த ஒரு பெண்பிள்ளை தினமும் இவளுக்குத் தன் ரொட்டியைக் கொடுத்துவிடுவாளாம். அது ஞாபகம் இருக்கிறது. ரொட்டி.

எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு பெரிய விஷயத்தை ஒருத்தி எப்படி மறப்பாள்? “நீ ஒருத்தி தானேடி பொழச்சே, அதையாச்சும் ஞாபகம் வெச்சிக்கக் கூடாதா?” என்று கத்திவிட்டேன். தெருவே திரும்பிப் பார்த்தது என்று பாய் சொன்னார். அவள் புளியை எடுத்து மறுபடி உரிக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, “பொழச்சவளுக்கு ஆயிரம் வேல, துலுக்கானம்” என்றாள். பாயிடம் மெதுவாகத்தான் சொன்னாளாம். எனக்குப் பஸ்ஸில் வரும்போதுதான் அவர் சொன்னார்.

இவ்வளவுதான் நான் கொண்டுவந்தது. வேறு எங்கும் போய்க் கேட்க எனக்கு ஆள் இல்லை. எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருப்பவனுக்கு ஒன்றும் தெரியவில்லை, தெரிந்திருக்க வேண்டியவளுக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. சரியோ தப்போ ஒன்று சொல் என்றாய். தப்பாகச் சொல்ல என்னால் முடியாது பாப்பா. சரியாகச் சொல்ல எனக்குத் தெரியாது. தெரியாது. இந்த வார்த்தையை என் வாயால் உனக்குச் சொல்வது இதுதான் முதல் தடவை. பாய் இரண்டு முறை கேட்டுத்தான் எழுதினார்.

செவ்வாய்க்கிழமை நீ டாக்டரிடம் எதைச் சொன்னாலும் சொல். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். மருந்து ஏற்றினால் ஏற்றி முடிக்கும்வரை உட்கார்ந்திருப்பேன். வேண்டாம் என்று திரும்பி வந்தால் உன்னோடு எழுந்து வருவேன். வாயைத் திறக்க மாட்டேன். பத்மாவே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலும் திறக்க மாட்டேன்.

நீ செத்தவர்களை வைக்க இடம் இல்லை என்று எழுதினாய். அவர்களை நானே வைத்துக்கொள்கிறேன், எனக்குப் பழக்கம். இந்தக் கட்டி வந்து, நான் இதைச் சொல்கிற இந்த நேரத்தில் உயிரோடு இருக்கிறவர்களை மட்டும் உனக்கு எழுதச் சொல்கிறேன்.

திருமழிசையில் பச்சையம்மாள்.

அம்பத்தூரில் அகல்யா.